ரவுட்டரின் சிபியு 100ஐத் தொடும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன அலுவலகம், லாட்ஜ், கல்லூரி விடுதி, உள்ளூர் கேபிள் இன்டர்நெட் மாதிரி இடங்களில் ரவுட்டரைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதியது இது. சிஸ்கோ ஐஓஎஸ், மைக்ரோடிக் ரவுட்டர்ஓஎஸ் இரண்டும்தான் எனக்குத் தினசரிப் புழக்கம். அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன. கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ரவுட்டரில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சிபியு எத்தனை சதவீதம் போனால் கவலைப்பட வேண்டும்?

எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 40 சதவீதத்திலேயே திணறும் ரவுட்டர் உண்டு. 85இல் நாள் முழுக்க ஓடியும் யாருக்கும் எதுவும் தெரியாத ரவுட்டரும் உண்டு. நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது. இரவு 8 மணிக்கு எப்போதும் 35இல் நிற்பது இன்று 70 என்றால், 70 பெரிய எண் இல்லாவிட்டாலும் தேட வேண்டும். இரண்டு, கூடவே வேறு எதுவும் கெடுகிறதா என்பது. லாகின் ஆக நேரமெடுக்கும், தட்டிய எழுத்து திரையில் தாமதமாக வரும், பிஜிபி அல்லது ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் ரூட்டுகளைப் பகிரும் முறைகள்) தொடர்பு விட்டுவிட்டு அறுந்து ஒட்டும். இவை வந்துவிட்டால் எண் என்னவாக இருந்தாலும் கவலைப்பட வேண்டியதுதான்.

ஒரு விஷயம். ரவுட்டரின் முகவரிக்கே பிங் போட்டு, "பிங் 80 மில்லிசெகண்ட் வருகிறது, ரவுட்டர் செத்துக்கொண்டிருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். தன்னைக் கூப்பிடும் பிங்குக்குப் பதில் சொல்வது ரவுட்டருக்குக் கடைசி வேலை. அதைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் ஒரு முகவரிக்குப் போட்டுப் பாருங்கள். அதுதான் உங்கள் பயனாளர் உணரும் வேகம்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடுகிறது. அது போதாதா?

சரியாகும், ஒரு மணி நேரத்துக்கோ ஒரு வாரத்துக்கோ. ஆனால் யார் சிபியுவைத் தின்றார்கள் என்ற சாட்சி மெமரியோடு சேர்ந்து போய்விடும். அடுத்த முறையும் இதே கேள்வியோடு இதே இடத்தில் நிற்பீர்கள்.

வாடிக்கையாளர் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது "கொஞ்சம் பொறுங்கள், பிராசஸ் பட்டியல் எடுக்கிறேன்" என்று சொல்வது கஷ்டம்தான். அதனால் 2 நிமிடம் மட்டும் கேளுங்கள். அந்த 2 நிமிடத்தில் பிராசஸ் பட்டியலையும் எல்லா இன்டர்ஃபேஸ்களின் டிராஃபிக் எண்ணையும், குறிப்பாக நொடிக்கு எத்தனை பேக்கெட் என்பதையும், லாக் பதிவின் கடைசி 50 வரியையும் ஒரு நோட்பேட் ஃபைலில் ஒட்டிக்கொள்ளுங்கள். மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தாராளமாக ரீஸ்டார்ட் செய்யலாம்.

அடிப்படையில் சிபியு ஏன் ஏறுகிறது?

ரவுட்டருக்கு மூன்று விதமான வேலை. தன் வழியாகக் கடந்து போகும் பேக்கெட்டை அனுப்பிவிடுவது, தனக்கே வந்த பேக்கெட்டுக்குப் பதில் சொல்வது, ரூட் கணக்கு, லாக், கண்காணிப்பு போன்ற சொந்த வீட்டு வேலை. எந்த வேலை வீங்கியிருக்கிறது என்று தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது.

முதல் வேலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக் ஒட்டிய வண்டி நிற்காமல் போய்விடும். டேக் இல்லாத வண்டியில் சில்லறை எண்ணி, ரசீது கிழித்து, பேசி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். ரவுட்டரிலும் அப்படித்தான். பெரும்பாலான பேக்கெட்டுகள் முன்பே தயாராக இருக்கும் பட்டியலைப் பார்த்து வேக வழியில் போய்விடும். சிஸ்கோவில் இதற்குப் பெயர் செஃப், மைக்ரோடிக்கில் ஃபாஸ்ட்டிராக். ஏதோ காரணத்தால் அந்த வழியில் போக முடியாத பேக்கெட் ஒவ்வொன்றையும் சிபியு கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். டிராஃபிக் கூடாமலேயே சிபியு திடீரென்று ஏறினால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். இத்தனை நாள் வேக வழியில் போனது இன்று ஏன் மெதுவழிக்கு வந்தது?

சிஸ்கோவில் 92%/74% என்று இரண்டு எண் வருகிறதே, எது உண்மை?

இரண்டும். 'ஷோ பிராசஸஸ் சிபியு சார்ட்டட்' கொடுத்தால் முதல் வரியில் 5 நொடி, 1 நிமிடம், 5 நிமிடம் என்று மூன்று கணக்கு வரும். 5 நொடிக் கணக்கில் மட்டும் சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் ஓர் எண்.

இடப்பக்கம் உள்ள 92 மொத்தம். வலப்பக்கம் உள்ள 74 அந்த மொத்தத்துக்குள் அடங்கியது, வேக வழியில் பேக்கெட் கடத்தியதற்கான செலவு. கழித்தால் கிடைக்கும் 18தான் கீழே வரிசையாக நிற்கும் பிராசஸ்கள் தின்றது. பலர் இந்த வரியை விட்டுவிட்டு நேராகப் பட்டியலுக்குப் போய், "எல்லாப் பிராசஸையும் கூட்டினாலும் 18தானே வருகிறது, மீதி எங்கே" என்று குழம்புவார்கள். மீதி அந்த 74.

92%/74% என்றால் ரவுட்டர் வழியாக நிறைய பேக்கெட் போகிறது. டிராஃபிக் உண்மையிலேயே கூடியிருக்கலாம், இல்லை யாரோ சின்னச் சின்னப் பேக்கெட்டாக இறைக்கலாம். 92%/10% என்றால் கதை வேறு. ஏதோ ஒரு பிராசஸ் 80ஐத் தின்கிறது, பட்டியலின் முதல் வரியிலேயே அதன் பெயர் இருக்கும்.

ஐஓஎஸ் எக்ஸ்இ ஓடும் புதிய ரவுட்டர்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பேக்கெட் கடத்துவதற்கு அங்கே தனிப் பகுதி. 'ஷோ பிராசஸஸ் சிபியு பிளாட்ஃபார்ம் சார்ட்டட்' பார்க்கும்போது க்யூஎஃப்பி என்று தொடங்கும் ஒரு பெயர் பெரிய எண்ணோடு முதலில் நிற்கலாம். பேக்கெட் வருகிறதா வருகிறதா என்று ஓயாமல் எட்டிப் பார்ப்பதே அதன் வேலை, அதனால் அப்படித்தான் தெரியும். பயப்பட வேண்டாம். உண்மையான சுமை 'ஷோ பிளாட்ஃபார்ம் ஹார்ட்வேர் க்யூஎஃப்பி ஆக்டிவ் டேட்டாபாத் யூட்டிலைசேஷன்' கமாண்டில் தெரியும்.

ஐபி இன்புட் என்ற பிராசஸ் முதலில் நிற்கிறது. என்ன அர்த்தம்?

டேக் இல்லாத வண்டிகள் குவிந்துவிட்டன என்று அர்த்தம். செஃப்பை யாரோ நிறுத்தியிருக்கலாம். ஏசிஎல் (பேக்கெட்டை அனுமதிக்கும், தடுக்கும் விதிப் பட்டியல்) வரியின் கடைசியில் 'லாக்' என்ற சொல்லைச் சேர்த்திருக்கலாம், அந்த வரியில் பொருந்தும் பேக்கெட்டுகளைச் சிபியு பார்த்துத்தான் லாகில் எழுதும். ரவுட்டரின் சொந்த முகவரிக்கே யாரோ வெள்ளமாக அனுப்பலாம். 'ஷோ பஃபர்ஸ் இன்புட்-இன்டர்ஃபேஸ்' கொடுத்து, பின்னால் இன்டர்ஃபேஸ் பெயரையும் 'பேக்கெட்' என்ற சொல்லையும் சேர்த்தால், காத்திருக்கும் பேக்கெட்டுகளின் மூல முகவரியும் சேருமிடமும் தெரியும். நான்கைந்து முறை அடித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் முகவரிதான் ஆள்.

ஆனால் நான் அதிகம் பார்த்தது இன்னொன்று, ரூட்டிங் லூப். உங்களுக்கு 203.0.113.0/24 என்று ஒரு முழுத் தொகுதியை மேலிருந்து, அதாவது உங்களுக்கு இன்டர்நெட் தரும் நிறுவனத்திலிருந்து, கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 முகவரிதான் பயன்பாட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டில் எவனோ மொத்தத் தொகுதியையும் ஸ்கேன் செய்கிறான். பயன்பாட்டில் இல்லாத .200க்கு ஒரு பேக்கெட் வருகிறது. மேலே இருப்பவர் உங்களிடம் தள்ளுகிறார். உங்கள் ரவுட்டருக்கு .200 எங்கே என்று தெரியாது, டிஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்குமான பாதை) பார்த்து மேலேயே திருப்பி அனுப்புகிறது. அவர் மறுபடி உங்களிடம். டிடிஎல் (இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற எண்) தீரும்வரை அந்த ஒரே பேக்கெட் இரண்டு ரவுட்டருக்கும் நடுவே பந்து மாதிரி போய் வரும். தீர்ந்ததும் "செத்துவிட்டது" என்ற தகவலை அனுப்புவதும் சிபியு வேலை. உள்ளே வந்தது ஒன்று, சுமை பல மடங்கு.

மருந்து ஒரே வரி. அந்த முழுத் தொகுதிக்கும் நல்0 (வந்த பேக்கெட்டைத் தூக்கிப்போடும் போலி இன்டர்ஃபேஸ்) நோக்கி ஒரு ஸ்டேட்டிக் ரூட் போடுங்கள். மைக்ரோடிக்கில் இதற்கு பிளாக்ஹோல் என்று பெயர். பயன்பாட்டில் உள்ள முகவரிகளுக்குத் தனித்தனியாக நுணுக்கமான ரூட் இருப்பதால் அவை பாதிக்காது. சிஸ்கோவில் நல்0 இன்டர்ஃபேஸுக்குள் போய் 'நோ ஐபி அன்ரீச்சபிள்ஸ்' என்றும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிப்போட்ட ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் துக்கச் செய்தி எழுதிக்கொண்டிருக்கும்.

ஆர்ப் இன்புட் உச்சத்தில் இருக்கிறது. வைரஸா?

வைரஸாகவும் இருக்கலாம். ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தால் ஆர்ப் (ஓர் ஐபி முகவரி எந்தச் சாதனத்திடம் இருக்கிறது என்று கேட்கும் முறை) ஏறும். ஆனால் முதலில் உங்கள் டிஃபால்ட் ரூட்டைப் பாருங்கள். 'ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 கிகாபிட்ஈதர்நெட் 0/0' என்று, அடுத்த ரவுட்டரின் முகவரி இல்லாமல் இன்டர்ஃபேஸ் பெயரோடு முடிந்திருக்கிறதா?

அப்படி எழுதினால் ரவுட்டர் என்ன புரிந்துகொள்கிறது தெரியுமா? மொத்த இன்டர்நெட்டும் அந்தக் கேபிளின் மறுமுனையில் நேரடியாகச் செருகியிருக்கிறது என்று. அதனால் வெளியே போகும் ஒவ்வொரு புது முகவரிக்கும், "இது யாரிடம் இருக்கிறது, உன் மேக் முகவரி என்ன?" என்று ஆர்ப் கேட்கும். மறுமுனை ரவுட்டரில் பிராக்ஸி ஆர்ப் இருந்தால் எல்லாவற்றுக்கும் "என்னிடம்தான், என்னிடம்தான்" என்று பதில் வரும். நெட் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. 60 கம்ப்யூட்டர் உள்ள ஆபீசில் 'ஷோ ஐபி ஆர்ப்' அடித்தால் பக்கம் பக்கமாக ஓடும். சிஸ்கோவில் ஆர்ப் பதிவு 4 மணி நேரம் தங்கும் என்பதால் பட்டியல் வீங்கிக்கொண்டே போகும்.

ரூட்டில் அடுத்த ரவுட்டரின் ஐபி முகவரியைச் சேர்த்தால் போதும். ஆன்சைட் போய்ப் பார்த்த இடங்களில், மாற்றிய அதே நிமிடத்தில் சிபியு சரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதைவிடத் திருப்தியான வேலை இந்தத் தொழிலில் குறைவு.

பிஜிபி ஸ்கேனர் நிமிடத்துக்கு ஒருமுறை எகிறி அடங்குகிறதே?

அதன் வேலையே அதுதான். 60 நொடிக்கு ஒருமுறை பிஜிபி அட்டவணையைச் சரிபார்க்கும். இன்று முழு இன்டர்நெட் அட்டவணையில் ஐபிவி4 ரூட் மட்டுமே 9 லட்சத்துக்கு மேல். சில நொடி ஏறி இறங்கினால் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு அப்ஸ்ட்ரீம் (இன்டர்நெட் தரும் நிறுவனம்) வைத்துக்கொண்டு முழு அட்டவணையும் வாங்குகிறீர்கள் என்றால் அதை நிறுத்துங்கள். டிஃபால்ட் ரூட் ஒன்று போதும்.

எஸ்என்எம்பி எஞ்சின் தின்கிறது. நாங்கள் எதையும் மாற்றவில்லையே?

ரவுட்டரில் மாற்றவில்லை. எஸ்என்எம்பி வழியாக ரவுட்டரைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேரில் யாராவது எதையாவது மாற்றினார்களா என்று கேளுங்கள். "புதுச் சாதனங்களைத் தானாகக் கண்டுபிடி" என்ற டிக்கைப் போட்டுவிட்டால் அது ரவுட்டரின் ரூட் அட்டவணை, ஆர்ப் அட்டவணை இரண்டையும் வரி வரியாகக் கேட்டு வாங்கும். எஸ்என்எம்பிக்கு அட்டவணையை எண் வரிசைப்படிதான் தர வேண்டும், ரவுட்டர் அதை அந்த வரிசையில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் தேடித் தேடி எடுத்துக் கொடுக்கிறது.

சிஸ்கோவில் 'எஸ்என்எம்பி-சர்வர் வியூ' வழியாக அந்த இரண்டு அட்டவணையையும் விலக்கிவிடலாம். அவற்றின் எண்கள் 1.3.6.1.2.1.4.21, 1.3.6.1.2.1.4.22. நோய் பார்க்க வைத்த கருவியே நோயாவதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

டிபக் போட்டேன். ரவுட்டர் உறைந்துவிட்டது. என்ன செய்வது?

திரையில் என்ன ஓடினாலும் பொருட்படுத்தாமல் 'யு ஆல்' என்று தட்டி என்டர் அடியுங்கள். 'அன்டிபக் ஆல்' என்பதன் சுருக்கம் அது. நீங்கள் தட்டும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் பெரும்பாலும் உள்ளே போய்ச் சேரும்.

இதை நான் கற்றது சொந்தத் தவறில்தான். கன்சோல் கேபிளைச் செருகிக்கொண்டு 'டிபக் ஐபி பேக்கெட்' அடித்தேன், வேலை நேரத்தில். கன்சோலின் வேகம் 9600. ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று கணக்குப் போட்டால் நொடிக்கு 960 எழுத்து. ஒரு லாக் வரி 100 எழுத்து என்றால் நொடிக்கு 9 அல்லது 10 வரிதான் எழுத முடியும். ரவுட்டர் வழியாக நொடிக்கு ஆயிரக்கணக்கில் பேக்கெட் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத நான் சொல்லியிருக்கிறேன். மொத்த ஆபீசும் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். 'நோ லாகிங் கன்சோல்' போட்டு, லாகை பஃபருக்கு மட்டும் அனுப்புவது. தொலைவில் இருக்கும் ரவுட்டரில் எதையாவது முயல்வதற்கு முன், கான்ஃபிகை ஒருமுறை சேமித்துவிட்டு, 'ரீலோட் இன் 10' கொடுத்துவைப்பது. மாட்டிக்கொண்டால் 10 நிமிடத்தில் தானே எழுந்து வரும். மாட்டிக்கொள்ளாவிட்டால் மறக்காமல் 'ரீலோட் கேன்சல்' அடிக்க வேண்டும். மறந்தால் அது வேறு கதை.

மைக்ரோடிக்கில் எங்கே பார்ப்பது?

வின்பாக்ஸில் (மைக்ரோடிக்கைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேர்) டூல்ஸ் மெனுவுக்குள் புரொஃபைல். ஸ்டார்ட் அழுத்தி 10, 15 நொடி விடுங்கள். ஃபயர்வால், நெட்வொர்க்கிங், க்யூயிங், டிஎன்எஸ், ரூட்டிங், ஈதர்நெட் என்று தலைப்புவாரியாகப் பிரித்துக் காட்டும். மேலே இருக்கும் சிபியு பெட்டியில் 'ஆல்' தேர்ந்தெடுத்தால் கோர் வாரியாகவும் வரும். டிராஃபிக்கைப் பார்க்க உதவும் டார்ச்சும் ஸ்னிஃபரும் தாங்களே சிபியு தின்பவை. பார்த்து முடித்ததும் மூடிவிடுங்கள்.

சிபியு மொத்தம் 25தான் காட்டுகிறது, ஆனாலும் மெதுவாக இருக்கிறதே?

நான்கு கோர் ரவுட்டரில் 25 என்றால் ஒரு கோர் 100இல் முட்டிக்கொண்டு மூன்று கோர் சும்மா இருப்பதாகவும் இருக்கலாம். 'சிஸ்டம் ரிசோர்ஸ் சிபியு பிரின்ட்' கொடுத்துத் தனித்தனியாகப் பாருங்கள். சிசிஆர்1036 மாதிரி 36 கோர் உள்ள பெட்டியில் ஒரு கோர் முழுதாக மாட்டிக்கொண்டாலும் மொத்தக் கணக்கில் 3 சதவீதம்கூட ஏறாது. ரவுட்டர்ஓஎஸ் 6இல் பிஜிபி ஒரே கோரில்தான் ஓடியது, அதனால் இந்தக் குழப்பம் அப்போது ரொம்ப சாதாரணம். பதிப்பு 7இல் அது பல கோர்களுக்குப் பிரிகிறது.

புரொஃபைலில் டிஎன்எஸ் 60 காட்டுகிறது. எங்களிடம் 40 பேர்தான்.

உங்களிடம் 40 பேர். வெளியே உலகம் முழுக்க உங்கள் ரவுட்டரிடம் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு உரிய ஐபி முகவரி) கேட்டுக்கொண்டிருக்கிறது. 'அலவ் ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்' டிக் போட்டதும் ரவுட்டர் யார் கேட்டாலும் பதில் சொல்லும், வீட்டுக்காரரா வெளியாளா என்று பார்க்காது. சில பத்து பைட்டில் கேள்வி, சில ஆயிரம் பைட்டில் பதில். கேள்வியில் அனுப்புநர் முகவரியாக வேறொருவரின் முகவரியைப் போலியாகப் போட்டால், பதில் எல்லாம் அந்த அப்பாவி தலையில் போய்க் கொட்டும். உங்கள் ரவுட்டர் யாரையோ அடிக்கும் கல்லாகிவிடுகிறது.

ஃபயர்வாலில் இன்புட் செயினில், வெளி இன்டர்ஃபேஸ் வழியாக வரும் 53ஆம் போர்ட்டை யுடிபி, டிசிபி இரண்டிலும் டிராப் செய்யுங்கள். டிக்கை எடுக்காதீர்கள், உள்ளே இருப்பவர்களுக்கும் டிஎன்எஸ் நின்றுவிடும். விதியைப் போட்ட பிறகும் பல நாள் கேள்வி வந்துகொண்டுதான் இருக்கும். அந்த எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து விதி வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம், வேலை செய்வதால்தான் ஏறுகிறது. வெள்ளம் பெரிதாக இருந்தால் அதே விதியை 'ரா' அட்டவணைக்கு மாற்றுங்கள். கனெக்‌ஷன் டிராக்கிங்குக்கு முன்பே தூக்கிப்போடுவதால் செலவு குறையும்.

ஃபாஸ்ட்டிராக் போட்டதும் சிபியு பாதியானது. ஆனால் க்யூ வேலை செய்யவில்லை. ஏன்?

க்யூவை (வேகத்தைக் கட்டுப்படுத்தும் வரிசை) சுற்றிக்கொண்டு போனதால்தான் சிபியு பாதியானது. 2015இல் 6.29 பதிப்பில் வந்த வசதி இது. நிலைபெற்ற இணைப்பின் பேக்கெட்டுகள் ஃபயர்வால், சிம்பிள் க்யூ, ஐபிசெக் எதையும் தொடாமல் போய்விடும். வாடிக்கையாளருக்கு 20 எம்பிபிஎஸ் என்று சிம்பிள் க்யூவில் கட்டியிருந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். வேகக் கட்டுப்பாடு தேவையானவர்களை ஓர் அட்ரஸ் லிஸ்டில் போட்டு, ஃபாஸ்ட்டிராக் விதியில் அவர்களை மட்டும் விலக்குங்கள். எல்லோருக்குமே கட்டுப்பாடு வேண்டும் என்றால் ஃபாஸ்ட்டிராக் உங்களுக்கானது இல்லை.

ஃபயர்வால் 45 காட்டுகிறது. எத்தனை விதி வரை வைக்கலாம்?

எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். பேக்கெட் மேலிருந்து கீழே ஒவ்வொரு விதியாகத் தட்டிக்கொண்டு வரும். நிலைபெற்ற இணைப்புகளை அனுமதிக்கும் விதி முதலில் இருந்தால் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும். அது 80ஆவது இடத்தில் இருந்தால் ஒவ்வொரு பேக்கெட்டும் 79 கதவைத் தட்டிவிட்டு வருகிறது.

லேயர்7 விதி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் முதல் 10 பேக்கெட் அல்லது 2 கேபி வரை சேர்த்துவைத்து அதில் சொல் தேடும், அது விலை உயர்ந்த வேலை. இன்று பெரும்பாலான தளங்கள் குறியாக்கத்தில் ஓடுவதால் அந்தத் தேடலில் கிடைப்பதும் சொற்பம்.

கரண்ட் போய் வந்ததும் 5 நிமிடம் சிபியு 100இல் நிற்கிறது. ஏன்?

உள்ளூர் கேபிள் இன்டர்நெட் நடத்துபவர்கள் எல்லோரும் கேட்பது. ஏரியாவுக்கு கரண்ட் வந்த நொடியில் எல்லா வீட்டு மோடமும் ஒன்றாக எழுந்து பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) டயல் செய்கின்றன. லாகின் சரிபார்ப்பது, முகவரி கொடுப்பது, க்யூ உருவாக்குவது எல்லாம் ஒரே நேரத்தில். முதல் நெரிசலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதை நீட்டிப்பவை இரண்டு.

ஒன்று மாஸ்கரேட், அதாவது உள் முகவரிகளை வெளி முகவரியாகத் தானாக மாற்றும் விதி. ஓர் இன்டர்ஃபேஸ் அறுந்தாலோ அதன் முகவரி மாறினாலோ, அது தொடர்பான பதிவுகளைக் கனெக்‌ஷன் பட்டியலில் தேடித் துடைப்பது மாஸ்கரேட்டின் இயல்பு. நூற்றுக்கணக்கான பிபிபிஓஇ இணைப்பு ஏறி இறங்கும் ரவுட்டரில் இது தண்டச் செலவு. உங்கள் வெளி முகவரி மாறாதது என்றால் எஸ்ஆர்சி-நேட் போட்டு அந்த முகவரியைக் கையால் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது ஓஎஸ்பிஎஃப். கனெக்டட் ரூட்டை அப்படியே ரீடிஸ்ட்ரிபியூட் செய்திருந்தால், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு /32 (ஒற்றை முகவரி) ரூட் நெட்வொர்க் முழுக்கப் பறக்கும். 600 பேர் விழுந்து எழுந்தால் 1200 அறிவிப்பு, அதுவும் எல்லா ரவுட்டருக்கும். முழுத் தொகுதியை ஒரே ரூட்டாக அறிவித்து /32களை ஃபில்டரில் நிறுத்துங்கள்.

எல்லாப் போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் மின்னுகிறது. சிபியு 100. எது காரணம்?

கேபிள் லூப். ஈதர்நெட் பேக்கெட்டுக்கு டிடிஎல் கிடையாது, சுற்ற ஆரம்பித்தால் யாராவது பிடுங்கும்வரை சுற்றும்.

என் அனுபவத்தில் வருடத்தில் இதற்கு ஒரு சீசன் உண்டு, ஆயுத பூஜை. ரேக்கைத் துடைக்க வேண்டும் என்று கேபிளை எல்லாம் பிடுங்குவார்கள். ஸ்விட்சுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். காற்றுப் போகும் துளையில் வைக்காமல் இருந்தால் சரி. பூஜை முடிந்து பொரி சாப்பிட்டுவிட்டு, தொங்கிக்கொண்டிருக்கும் கேபிளை எல்லாம் காலியாக இருக்கும் துளைகளில் செருகிவிடுவார்கள். ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில். அப்படி ஓர் இடத்துக்குப் போனபோது, அந்த ஒற்றை நீலக் கேபிளைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் மூன்று பேர் ரவுட்டர் பழசாகிவிட்டது என்று முடிவு செய்திருந்தார்கள்.

ஸ்விட்சின் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் சிபியு இறங்குகிறதோ அந்தத் திசையில் போங்கள். மைக்ரோடிக் பிரிட்ஜில் ஆர்எஸ்டிபி (லூப்பைக் கண்டு அடைக்கும் முறை) ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதை யாராவது 'நன்' என்று மாற்றியிருந்தால் திருப்பிவிடுங்கள்.

ஹேக் ஆகியிருக்குமா?

இருக்கலாம். 2018 ஏப்ரலில் மைக்ரோடிக்கின் வின்பாக்ஸ் சேவையில் ஒரு பெரிய ஓட்டை அடைக்கப்பட்டது. சரிசெய்த பதிப்பு 6.42.1. அப்டேட் செய்யாத லட்சக்கணக்கான ரவுட்டர்களில் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து, பிரேசிலில் தொடங்கி, கிரிப்டோ சுரங்க ஸ்கிரிப்ட் நுழைந்தது. அதில் ரவுட்டர் சுரங்கம் தோண்டவில்லை. தன் வெப் பிராக்ஸி வழியாகப் பயனாளரின் பிரவுசருக்குள் ஸ்கிரிப்டைச் செருகி அவர்கள் கம்ப்யூட்டரைத் தோண்ட வைத்தது.

நீங்கள் போடாத ஷெட்யூலர் வேலை, நீங்கள் திறக்காத சாக்ஸ் அல்லது வெப் பிராக்ஸி, தெரியாத யூசர். இதில் ஒன்று இருந்தாலும் துடைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். நெட்இன்ஸ்டால் மூலம் புதிதாக நிறுவி, கான்ஃபிகைக் கையால் எழுதுங்கள். பழைய பேக்அப்பைத் திரும்ப ஏற்றினால் திருடனையும் சேர்த்து உள்ளே அழைத்துவருவீர்கள். வின்பாக்ஸின் 8291 போர்ட் வெளியிலிருந்து திறந்திருக்கவே கூடாது.

ரவுட்டரிலிருந்தே ஸ்பீட் டெஸ்ட் போட்டால் வேகம் வரவில்லை, சிபியு 100 ஆகிறது.

டெஸ்ட்டுக்கான டிராஃபிக்கை உருவாக்குவதே அதே சிபியுதான். ரவுட்டருக்குப் பின்னால் ஒரு லேப்டாப்பை கேபிளில் செருகிப் போடுங்கள்.

வீட்டு ரவுட்டருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கொஞ்சம். வீட்டுப் பெட்டிகளில் நேட் வேலையைப் பெரும்பாலும் சிப்பே செய்துவிடும், சிபியு சும்மா இருக்கும். க்யூஓஎஸ், குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, டிராஃபிக் கணக்கு மாதிரி எதையாவது ஆன் செய்தால் பல மாடல்களில் அந்தக் குறுக்குவழி மூடிவிடும், எல்லாம் சிபியு வழியாக வரும். 300 எம்பிபிஎஸ் கட்டணம் கட்டிவிட்டு 120தான் வருகிறது என்பவர்கள் முதலில் இவற்றை ஆஃப் செய்து பார்க்கலாம். டோரன்ட் ஓடினால் ஒரே நேரத்தில் திறக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், டவுன்லோட் வேகத்தைவிட அதுதான் இந்தச் சின்னப் பெட்டிகளை வதைக்கும்.

அதிகாலை 3 மணிக்கு மட்டும் ஏறுகிறது. அந்நேரத்தில் யார் உட்கார்ந்து பார்ப்பது?

நீங்கள் தூங்குங்கள். சிஸ்கோவில் காலையில் வந்து 'ஷோ பிராசஸஸ் சிபியு ஹிஸ்டரி' அடித்தால் 60 நொடி, 60 நிமிடம், 72 மணி நேரம் என மூன்று வரைபடம் வரும். நட்சத்திரக் குறி (*) உச்சம், வேலிக் குறி (#) சராசரி. நட்சத்திரம் மட்டும் உயர்ந்து வேலி கீழேயே இருந்தால் அது நொடிக் கணக்கில் வந்து போன துள்ளல். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் உண்மையான சுமை. யார் என்று தெரிய வேண்டுமானால் ஈஈஎம் ஆப்லெட் (ஏதாவது நடந்ததும் ரவுட்டரிலேயே தானாக ஓடும் சிறு ஸ்கிரிப்ட்) ஒன்று எழுதி, சிபியு எல்லை தாண்டியதும் பிராசஸ் பட்டியலை ஃப்ளாஷில் சேமிக்கச் சொல்லலாம். மைக்ரோடிக்கில் நிமிடத்துக்கு ஒருமுறை சிபியுவைப் பார்த்து லாகில் எழுதும் நான்கு வரி ஸ்கிரிப்ட் போதும்.

மணி சரியாக 3:00 என்றால் அது மனிதன் வைத்த நேரம். பேக்அப், ரிப்போர்ட், சிசிடிவி ரெக்கார்டிங்கை வெளியே அனுப்புவது என்று ஏதாவது ஒரு ஷெட்யூல் இருக்கும். ரவுட்டரை விட்டுவிட்டு சர்வர் பார்ப்பவரைக் கேளுங்கள்.

எப்போது புது ரவுட்டர் வாங்குவது?

மேலே சொன்ன எதுவும் இல்லாமல், ஒவ்வொரு நாளும் பீக் நேரத்தில் டிராஃபிக் ஏறும் அதே அளவுக்குச் சிபியுவும் ஏறி 80க்கு மேல் நிற்கிறது என்றால். வாங்கும்போது விளம்பரத்தில் உள்ள பெரிய எண்ணை நம்பாதீர்கள், அது 1500 பைட் பேக்கெட்டுக்கும் விதி எதுவும் இல்லாத ரவுட்டருக்கும் உரியதாக இருக்கும். மைக்ரோடிக் தன் ஒவ்வொரு மாடலுக்கும் 64, 512, 1518 பைட் என்று மூன்று அளவிலும், 25 ஃபயர்வால் விதி, 25 க்யூ வைத்தும் சோதித்த அட்டவணையை வெளியிடுகிறது. 512 பைட், 25 விதி என்ற கட்டத்தைப் பாருங்கள். உங்கள் நிலைமைக்கு அதுதான் கிட்டத்தில் இருக்கும்.

சிபியு 5 சதவீதம்தான், ஆனாலும் நெட் மெதுவாக இருக்கிறது.

அப்படியானால் ரவுட்டரை விடுங்கள். இன்டர்ஃபேஸில் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த பேக்கெட்) ஏறுகிறதா, ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் மறுபக்கம் ஹாஃப் என்று நிற்கிறதா, 1000இல் பேச வேண்டிய போர்ட் 100இல் பேசுகிறதா என்று பாருங்கள். கடைசிச் சந்தேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடியில் ஒன்று எலி கடித்ததாக இருக்கும்.